எட்டாவது தட்டு

பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இடப்பக்கம் ஒரு செம்மண் பாதை பிரியும், அந்தப் பாதையில் இரண்டு மைல் நடந்தால் செம்மாரிக்குப்பம் வரும், அந்த ஊரில் ஐம்பத்திரண்டு பெண்கள் வேலை பார்க்கிற முந்திரிக் கொட்டகை ஒன்று உண்டு, அந்தக் கொட்டகையில் பங்குனி மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பூங்காவனம் அன்றைய முதல் கொட்டையை உடைத்தபோது உள்ளே பருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் இருந்தது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோலோடு சிவப்பாகச் சுருண்டு கிடந்த அதைப் பார்த்து, கொஞ்சம் கோணலாக விளைந்திருக்கிறது என்று நினைத்து, கூடையில் போட்டுவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தாள். அதிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. கூடை நிறைந்ததும் சூளைக்குப் போயிற்று, சூளையில் காய்ந்ததும் தோல் உரிக்கிறவர்களிடம் போயிற்று, அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே உரித்து ஊதித் தள்ளினார்கள், இப்படி அந்தச் சொற்கள் ஒரு முந்திரிப் பருப்பு படுகிற பாடெல்லாம் பட்டு, வெளுத்து, மொறுமொறுப்பாகி, சாயங்காலம் நாலு மணிக்குத் தரம் பிரிக்கிற மேசைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எழுத்துத் தெரிந்த ஒருத்தியின் கண்ணில் பட்டன.

அந்த ஒருத்தி பூங்காவனத்தின் மகள் திலகவதி. பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படிக்கிற காலத்தில் லீவுக்கு லீவு அந்த மேசையில் நின்றாள், படித்து முடித்த பிறகு பத்து மாதமாகத் தினமும் நிற்கிறாள். முழுப்பருப்பு ஒரு தட்டு, பாதி ஒரு தட்டு, துண்டு ஒரு தட்டு, குருணை கீழே வாளியில். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே பிரித்துவிடுவாள். அந்த விரல்களில் வளைந்த ஒன்று சிக்கியபோது எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்துகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நின்றன. டேபிள்.

"அத்தை, இது பருப்பு இல்லை," என்றாள், எதிரில் நின்ற அஞ்சலாட்சியிடம்.

"பின்ன என்னா, பூச்சி அடிச்சதா?"

"இங்கிலீஷ்."

அஞ்சலாட்சி வாங்கி மோந்து பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள், பல்லில் லேசாகக் கடித்தாள். "நாத்தம் இல்லை. நல்லா வெளுப்பாத்தான் இருக்குது," என்றாள். "எந்தத் தட்டுல போடுறது, சொல்லு. மணி ஆவுது."

முதலாளி கனகசபை வந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கப்பல்ல வந்த மூட்டை," என்றார். "எந்தெந்தத் துறைமுகத்துல எத்தனை நாள் கிடந்துச்சோ, எவன் எவன் பேச்சைக் கேட்டுக்கிட்டுக் கிடந்துச்சோ, கொட்டைக்குள்ள இறங்கியிருக்கும்." எப்படி வந்தது என்பது பற்றி அந்த ஊரில் நடந்த விசாரணை அவ்வளவுதான். "இதுல எத்தனை தரம்மா?" என்று திலகவதியைக் கேட்டார்.

"எட்டுங்க மொதலாளி."

"எட்டுதானா? பரவாயில்லை, முந்திரிக்கே இதைவிட ஜாஸ்தி. பிரிச்சு வைங்க. வாங்குறதுக்கு ஆள் வரும்."

எட்டு என்று அவள் தயங்காமல் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த எட்டும் அவளுடைய இடுப்புத் துணியில் ஒரு கடிதமாக மடிந்து கிடந்தன. பக்கத்து ஊர்ப் புதுச்சாவடியில் உள்ள தனியார் நடுநிலைப் பள்ளியில் ஒரே ஓர் ஆங்கில ஆசிரியை இடம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்முகம், ஆறாம் வகுப்புக்கு முன்னால் நின்று ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பாடம் ஆங்கிலத்தின் எட்டு வகைச் சொற்கள் என்று அதில் எழுதியிருந்தது. நவுனில் தொடங்கி இண்டர்ஜெக்ஷன் வரை எட்டுக்கும் வரைவிலக்கணத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்க அவளுக்குத் தெரியும். கல்லூரியில் மூன்று வருடமும் கைடைப் பார்த்து அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினாள். ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வாக்கியம் பேசம்மா என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்களில் ஒட்டிக்கொண்டது. இது மூன்றாவது, இதுவும் போனால் அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பூங்காவனம் இதைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: "கிடைச்சா போ, கிடைக்கலன்னா மேசை இருக்குது." அன்பாகத்தான் சொன்னாள். மேசை இருக்கிறது என்பதுதான் திலகவதிக்குப் பயமாக இருந்தது.

அவள் எட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்து, இது இங்கே, அது அங்கே என்று போடத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அவள் படித்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இருபது வருடம் விரலால் தரம் பார்த்த பெண்கள் சொற்களையும் விரலாலேயே பார்த்தார்கள். சில சொற்கள் வைத்த இடத்தில் கல் மாதிரி உட்கார்ந்தன, அவற்றுக்குப் 'பேர்த் தட்டு' என்று பெயராயிற்று. சில உள்ளங்கையில் குறுகுறுவென்று நெளிந்தன, அவை 'வேலைத் தட்டு'. உட்கார்ந்திருக்கும் சொல்லின் மேல் போய்ச் சாய்ந்துகொண்டு மினுக்குகிறவை 'நகைத் தட்டு'. நெளிகிற சொல்லின் பின்னாலேயே ஓடி அதை விரட்டுகிறவை 'விரட்டுத் தட்டு'. யார் இடம் காலியானாலும் அங்கே போய் ஒன்றும் தெரியாதது போல் உட்காருகிறவற்றுக்கு 'மாத்தாள் தட்டு' என்று பெயர் வைத்தவள் அஞ்சலாட்சி, ஏனென்றால் அந்தக் கொட்டகையில் யாராவது வராத நாளில் அவள் இடத்தில் நிற்க வருகிற ஆளுக்கு மாத்தாள் என்றுதான் பெயர். திலகவதி வரைவிலக்கணமாக மனப்பாடம் செய்திருந்தவை அவள் விரல் நுனியில் முதல்முறையாக உட்கார்ந்தன, நெளிந்தன, சாய்ந்தன, ஓடின. இதுதான் அதுவா என்று அவள் ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஊரும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டது. டீக்கடை மாரிமுத்து நகைத் தட்டிலிருந்து ஒரு பிடி வாங்கிப்போய் நூலில் கோத்து வாசலில் தொங்கவிட்டார், அதற்குப் பிறகு அங்கே டீ குடித்தவர்கள் டீ நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், டீ மாறவில்லை. காலை பஸ்ஸின் டிரைவர் விரட்டுத் தட்டிலிருந்து இரண்டு கேட்டு வாங்கி ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தார், கண்டக்டர் அதில் ஒன்றை எடுத்து வெளியே போட்டார். மஸ்கட்டில் புருஷன் இருக்கிற வேதவள்ளி, "வா என்கிறதுக்கு என்னாடி?" என்று கேட்டு, வேலைத் தட்டிலிருந்து 'கம்' என்ற சொல்லை எடுத்துப்போய் அவன் போட்டோவின் கண்ணாடிக்குள் செருகி வைத்தாள். கோழிகள் மாத்தாள்களைக் கொத்தித் தின்றுவிட்டு ஒன்றின் கூட்டில் இன்னொன்று போய் முட்டையிட்டன. அவரவர் கோழி முட்டை எது என்று இரண்டு தெரு பேசித் தீர்த்துக்கொண்டது. யாரும் இதற்காக வேலையை நிறுத்தவில்லை, வாய் பிளக்கவில்லை.

எட்டாவது தட்டு காலியாகவே இருந்தது.

"அதுல என்னா விழணும்?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"திடீர்னு ஆச்சரியம் வந்தா நம்மள அறியாம ஒண்ணு சொல்லுவோம் இல்லியா, அந்த மாதிரி."

அஞ்சலாட்சி முந்தானையால் அந்தத் தட்டைத் துடைத்தாள். "நாம சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு," என்றாள்.

அது உண்மை. 'தானே' புயல் அடித்த விடியற்காலையில் அந்த ஊர்க்காரர்கள் தங்களிடமிருந்த ஆச்சரியத்தையெல்லாம் மொத்தமாகச் செலவழித்துவிட்டார்கள். தாத்தன் காலத்து முந்திரித் தோப்புகள் ஒரே காலையில் வேரோடு படுத்தன, காய்த்து நின்ற பலாமரங்கள் படுத்தன, வீட்டுக்கூரைகள் அடுத்த ஊருக்குப் போயின. அன்றைக்கு ஊரே வாயில் கை வைத்துக் கத்தியது. பூங்காவனம் கூரை போன வீட்டுக்குள் நின்றுகொண்டு, கையைப் பிடித்து நின்ற சிறுமி திலகவதியோடு மேலே வானத்தைப் பார்த்து, "சரி," என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு எது வந்தாலும் 'சரி'தான். புருஷன் போய்ச் சேர்ந்தபோதும் சரி, மகள் பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தபோதும் சரி. ஊரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அதனால் எட்டாவது தட்டில் எதுவும் விழாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தால் வரட்டும் என்று அதையும் தினமும் துடைத்து வைத்தார்கள்.

ஆறாவதும் ஏழாவதும் காலியாக இருந்ததை ஒருவரும் கவனிக்காததுதான் தப்பு. அந்தத் தப்பை முந்திரி பிரிக்கிறவர்கள் மட்டும்தான் செய்திருக்க முடியும்.

கொட்டைகளிலிருந்து பொடிப்பொடியாகவும் நிறைய வந்தன. இரண்டெழுத்து, மூன்றெழுத்து, ஒற்றை எழுத்து. அவை மேசையில் விழுந்ததும் அங்கே நின்ற எல்லாப் பெண்களின் புறங்கையும் பழக்கப்படி அவற்றைக் கீழே வாளியில் தள்ளியது. குருணை மேசையில் நிற்கக் கூடாது. திலகவதியின் கையும் தள்ளியது, மற்றவர்கள் கையைவிட வேகமாகத் தள்ளியது, படித்தவள் என்று மேசையில் மெதுவாகக் கை ஓட்டுகிறாள் என்ற பேச்சு வரக் கூடாது என்று அவள் எப்போதும் வேகமாகத் தள்ளுவாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல மிட்டாய்க்கடை வேலாயுதத்தின் ஆள் வந்து குருணை வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் ஊரில் கல்யாணம். ஆயிரத்து இருநூறு லட்டு.

புதன்கிழமை அந்த லட்டைத் தின்றவர்களின் பேச்சு முடியாமல் நீண்டது. சாப்பிட்டுவிட்டு எழுந்தவர்கள் "அப்புறம்" என்று மறுபடி உட்கார்ந்தார்கள், "அதோட" என்று பக்கத்திலிருந்தவர் தோளில் கை வைத்தார்கள், "ஆனா" என்று வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பூசாரி வீட்டு நடேசனும் பேசிப் பல வருடம் ஆகிறது. புயலில் பெரியப்பாவின் பலாமரம் நடேசன் கொல்லையில் விழுந்தது, மரம் யாருக்கு என்பது தீராமல் அது கிடந்த இடத்திலேயே மட்கிக் கொண்டிருந்தது. அன்றைக்கு ஆளுக்கு ஒரு லட்டு தின்ற பிறகு அவர்கள் அந்த மரத்தின் மேலேயே இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, பந்தலைப் பிரிக்கிற வரை பேசிக்கொண்டிருந்தார்கள். லட்டில் நெய் நன்றாக இருந்ததாக ஊர் சொன்னது.

வியாழக்கிழமை மத்தியானம் கப்பல் மூட்டைகள் தீர்ந்தன. அடுத்த மூட்டை உள்ளூர்க் கொட்டை, அதில் பருப்புதான் இருந்தது. திலகவதி மறுநாள் பாடத்துக்காக ஐந்து தட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு காய வைக்கிற களத்துக்குப் போனாள். ஒரே ஒரு வாக்கியம் நிறுத்திப் பார்க்க வேண்டும் அவளுக்கு. சிவப்புக் கோழி மேசைக்கு அடியில் தூங்கிற்று என்பதுதான் அது. ஹென் என்ற சொல்லை வைத்தாள், உட்கார்ந்தது. ரெட் அதன் மேல் போய்ச் சாய்ந்தது. ஸ்லெப்ட் பக்கத்தில் வந்து சுருண்டது. டேபிளை வைத்தாள். டேபிள் தள்ளிப் போய் நின்றது. இழுத்து வைத்தாள். மறுபடி தள்ளிப் போயிற்று. கோழிக்கும் மேசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஐம்பது முறை வைத்தாள், ஐம்பது முறையும் கலைந்தது. ஐம்பத்தோராவது முறை வைக்கப் போனபோது தன் புறங்கை கண்ணில் பட்டது. அதில் குருணை மாவு ஒட்டியிருந்தது. அதில் ஒரு துளி, எழுத்து மாதிரி.

அவள் கொட்டகைக்குள் வந்து மேசையருகே நின்றாள். "ரெண்டு தட்டு சொல்லை நான் குருணைன்னு வாளியில தள்ளிட்டேன்," என்றாள். "ஒண்ணையொண்ணு பிடிச்சு நிறுத்துற சொல்லு அதெல்லாம். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். படிச்சது நான்தான்."

யாரும் கையை நிறுத்தவில்லை. "நீ மட்டுமாடி தள்ளுன?" என்றாள் அஞ்சலாட்சி. "எல்லாருந்தான் தள்ளுனோம்."

"எல்லாரும் நாளைக்குப் பாடம் எடுக்கப் போவலியே அத்தை."

"அதுவும் சரிதான்," என்றாள் அஞ்சலாட்சி, வேதவள்ளியைப் பார்த்து. "ஓடு, மிட்டாய்க்கடையில மிச்சம் இருக்குதா பாரு."

வேதவள்ளி ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். மிச்சம் இல்லை. ஆயிரத்து இருநூறும் போதாமல் கடைசிப் பந்திக்கு மைசூர்பாகு வைத்தார்களாம்.

பூங்காவனம் உடைக்கிற இயந்திரத்தின் பின்னாலிருந்து, கொட்டை எண்ணெயில் கறுத்த விரல்களில் சாம்பலைத் தடவிக்கொண்டே, "என்னா செய்யப் போற?" என்று கேட்டாள்.

திலகவதி யோசித்தாள். கைடில் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் வரைவிலக்கணம் இருக்கிறது, உதாரணம் இருக்கிறது, ஒப்பித்துவிட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. "இருக்கிற தட்டை எடுத்துக்கிட்டுப் போறேன்," என்றாள். "இல்லாதது இல்லைன்னு சொல்றேன்."

"சரி," என்றாள் பூங்காவனம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டுத் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் உட்கார்ந்தாள். "எட்டுத் தட்டுக்கும் லக்கேஜ் போடணுமே," என்றார் கண்டக்டர். "மூணு காலிங்கண்ணே." "அப்ப அஞ்சுக்குப் போடுறேன்," என்றவர், போடாமலே போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் அவளோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இருவர் கையிலும் வழவழப்பான பெரிய சார்ட் இருந்தது, எட்டுக் கட்டம் போட்டு எட்டு நிறத்தில் எழுதியிருந்தது. அவர்கள் நடத்திவிட்டு வந்த பிறகு திலகவதியைக் கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், செம்மாரிக்குப்பத்துப் பிள்ளைகள் பாதிக்கு மேல். பின்சுவர் ஓரம் மூன்று நாற்காலியில் தாளாளரும், தலைமையாசிரியை ஸ்டெல்லாவும், கடலூரிலிருந்து வந்திருந்த ஆங்கிலப் பேராசிரியை ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியையின் மடியில் மார்க் போடுகிற தாள் இருந்தது, அதில் எட்டு வரிசை இருந்ததைத் திலகவதி பார்த்தாள்.

அவள் துணியை அவிழ்த்து எட்டுத் தட்டையும் வரிசையாகத் தரையில் வைத்தாள். நாக்கு ஒட்டத் தொடங்கியது. ஒட்டட்டும் என்று குனிந்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சொல்லைக் கொடுத்துக்கொண்டே போனாள். விரலை மூடிக்கொள்ளுங்கள், என்ன செய்கிறதென்று பாருங்கள் என்றாள். "மிஸ், என்னுது நெளியுது," என்றது ஒரு குரல். "என்னுது சும்மா உக்காந்திருக்குது மிஸ்." "மிஸ், இவளுது என்னுது மேல வந்து சாயுது, தள்ளச் சொல்லுங்க மிஸ்." வாழ்க்கையில் அவளை யாரும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை. நாக்கு எப்போது விட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து தட்டு முடிந்தது. தாளாளர் ஆறாவதைக் காட்டி, "இது ஏன்மா காலியா இருக்கு?" என்றார்.

"என்னோட தப்புங்க ஐயா. பொடியா இருந்ததால குருணைன்னு நினைச்சுத் தள்ளிட்டேன். ஏழாவதும் அப்படித்தான். லட்டுல போயிருச்சு."

தாளாளர் தலையை ஆட்டினார். அவரும் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்தான்.

லட்டு என்று தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் திலகவதிக்கு அது தோன்றியது. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "புதன்கிழமை கல்யாணத்துல லட்டு தின்னவங்க கை தூக்குங்க."

இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள். முதல் வரிசையில் யாழிசை என்கிற பெண் இரண்டு கையையும் தூக்கினாள். "நான் ரெண்டு தின்னேன் மிஸ்."

"எங்க உக்காந்து தின்ன?"

"பந்தலுக்கு அடியில மிஸ்," என்றாள் யாழிசை, அப்போது அவள் பல்லிடுக்கிலிருந்து பொடியாக ஒன்று உதிர்ந்து ஆறாவது தட்டில் விழுந்தது. அண்டர். திலகவதி அதைத் தொடவில்லை. "யாரோட?" என்றாள். "எங்க சித்தியோட." வித் விழுந்தது. "சித்தி எங்க இருந்து வந்தாங்க?" "நெய்வேலியில இருந்து." ஃப்ரம் விழுந்தது. "எந்தச் சித்தி?" "அந்தச் சித்திதான் மிஸ், பச்சைப் புடவை." அந்த என்றதும் 'தி' என்ற துளி இரண்டு விழுந்தன. "லட்டு தின்னப்புறம்?" என்று வகுப்பையே பார்த்துக் கேட்டாள், அவ்வளவுதான், அப்புறம் பாயசம் குடிச்சோம், அப்புறம் நாற்காலியை மடக்கினோம், ஆனா இவன் விழுந்துட்டான், அதனால அவங்கம்மா அடிச்சாங்க, அதோட நாங்க வீட்டுக்குப் போயிட்டோம் என்று இருபத்தாறு வாயும் ஒரே சமயத்தில் பேச, ஏழாவது தட்டில் மழை விழுகிற மாதிரி படபடவென்று சத்தம் கேட்டது.

திலகவதி தரையில் மண்டியிட்டு ஹென்னை வைத்தாள், ரெட் வந்து சாய்ந்தது, ஸ்லெப்ட் சுருண்டது, டேபிள் வழக்கம்போல் தள்ளிப் போய் நின்றது. யாழிசையின் அண்டரை எடுத்து இடையில் வைத்தாள். டேபிள் மெதுவாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. 'தி' இரண்டையும் ரெட்டுக்கும் டேபிளுக்கும் முன்னால் வைத்தாள். வாக்கியம் ஒரு தரம் உடம்பைக் குலுக்கி எழுந்து நின்று, எறும்பு வரிசை மாதிரி தரையில் ஊர்ந்து, ஆசிரியர் மேசைக்கு அடியில் போய், அங்கே படுத்துத் தூங்கிற்று. பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். "சத்தம் போடாதீங்கடா," என்றான் ஒருவன்.

அவள் நிமிர்ந்து, அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு இன்னொன்று சொன்னாள். பிறகு கைடில் இல்லாத ஒன்று, தன் அம்மா காலை எட்டரை மணிக்குக் கொட்டையை உடைக்கிறாள் என்று சொன்னாள். மூன்றும் நின்றன.

கடலூர்ப் பேராசிரியை பேனாவை மூடவில்லை. "எட்டாவது?" என்றார்.

"எங்க ஊர்ல அது இன்னும் விளையலீங்கம்மா."

"பாடத்துல எட்டு இருக்கே."

"இருக்குங்க. வரைவிலக்கணம் கேட்டீங்கன்னா சொல்லிடுவேன், தலைகீழாத் தெரியும். ஆனா தட்டு காலிங்க. தட்டு காலியா இருக்கும்போது இருக்குன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லத் தோணலை."

பேராசிரியை எழுந்து வந்து அந்தக் காலித் தட்டைக் குனிந்து பார்த்தார். தாளில் எட்டாவது வரிசையில் என்னவோ எழுதினார். போகலாம் என்றார்கள்.

சித்திரை போயிற்று. கொட்டகையில் பருப்புதான் வந்துகொண்டிருந்தது. ஐந்து தட்டிலிருந்த சொற்களை ஊர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போய்விட்டது. காலியான தட்டுகள் மறுபடி முழுசுக்கும் பாதிக்கும் போயின. எட்டாவது தட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை, மேசையின் கோடியில் இருந்தது, கடைசியாகப் போகிறவள் அதைத் துடைத்துவிட்டுப் போனாள். திலகவதி மேசையில் நின்றாள். அவள் புறங்கை இப்போது குருணையைத் தள்ளுவதற்கு முன் ஒரு கணம் நின்றது. அதற்காக யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, ஏனென்றால் எல்லோருடைய கையும் அப்படி நின்றது.

வைகாசி பிறந்து ஐந்தாம் நாள் பதினொரு மணிக்குத் தபால்காரர் கொட்டகைக்கே வந்தார். திலகவதி கையிலிருந்த குருணை மாவைத் தட்டிவிட்டு உறையைப் பிரித்தாள். ஐம்பத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இயந்திரங்கள் நின்றன, அந்தக் கொட்டகையில் இயந்திரங்கள் வேலை நேரத்தில் நின்று யாரும் கண்டதில்லை. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவள் அதைச் சத்தமாக, முதலிலிருந்து கடைசி வரை, பொடிச் சொற்கள் ஒன்றையும் விழுங்காமல் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளிலிருந்து வேலை.

"அப்ப மேசைக்கு மாத்தாள் பாக்கணும்," என்றாள் அஞ்சலாட்சி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

எல்லோரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அவள் சரி என்று சொல்வதற்காக. அவள் வாயைத் திறந்தாள், சொல்லவில்லை. கையில் ஏற்கெனவே ஒரு கொட்டை இருந்ததால் அதை இயந்திரத்தில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினாள். ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு முந்திரிப் பருப்பு இருந்தது. கீறல் இல்லாத, நசுங்காத, தோலுக்கு வெளியே கொஞ்சம் வெள்ளை எட்டிப் பார்க்கிற, சாதாரண முழுப்பருப்பு. அப்படிப்பட்டதை அவள் தன் வாழ்நாளில் லட்சம் முறை எடுத்துக் கூடையில் போட்டிருப்பாள். இதைப் போடவில்லை. கறுத்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மகளைப் பார்த்தாள், மறுபடி பருப்பைப் பார்த்தாள்.

"அடேயப்பா," என்றாள், மெதுவாக.

அந்தச் சொல் மேசையின் கோடியில் இருந்த எட்டாவது தட்டில் டங்கென்று விழுந்தது. தகரத் தட்டில் அப்படிச் சத்தம் வரும்படி இதுவரை எந்தச் சொல்லும் விழுந்ததில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பருப்பைப் பார்த்துச் சொன்னாளா, மகளைப் பார்த்துச் சொன்னாளா என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது, அது இன்றைக்கும் தீரவில்லை. தட்டில் கிடந்தது தமிழ்ச் சொல், தட்டு இங்கிலீஷ் தட்டு. ஆனாலும் அது அங்கே இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

அஞ்சலாட்சி அதைக் கையில் எடுத்தாள், மோந்து பார்த்தாள், பல்லில் லேசாகக் கடித்தாள், திலகவதியிடம் நீட்டினாள். "டீச்சரம்மா," என்றாள், "இதை எந்தத் தரத்துல சேக்குறது?"

திலகவதி வாங்கி விரலால் ஒரு தரம் தடவினாள். ஓரம் உடையவில்லை.

"முழுசு," என்றாள்.